கழுவிய டம்ளரைக் கழுவுகிறவள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். நீ அனுப்பிய நாவல் பிரதி வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. நம் கண்ணாடிக் கடைக்குப் படிக்கிற கண்ணாடி கேட்டு வருகிறவர்களிடம் எழுத்து அட்டைக்குப் பதிலாக உன் முதல் பக்கத்தை நீட்டுகிறார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் படித்துவிட்டு, கண்ணாடி கெடக்கட்டும், அடுத்த பக்கத்தைக் குடுங்க என்றாராம். இதையே என்னிடம் நாலு தடவை சொல்லியாகிவிட்டது.

நானும் படித்து முடித்தேன். வளர்த்தவள் வீட்டிலிருந்து கிளம்பி, பெற்றவளைத் தேடிப் போகிற பெண்ணின் கதை. எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியாதா? நீ கைக்குழந்தையாக எங்களிடம் வந்தவள், அதை நாங்கள் மறைத்ததும் இல்லை. உன்னைப் பெற்றவளை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, ஆனாலும் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். கதையில் கோபம் வந்தால் அந்தப் பெற்றவள் வாயைத் திறக்காமல் போய், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவுகிறாள். தனக்கும் அதே பழக்கம் இருப்பதைக் கண்டு, ரத்தம் பேசுகிறது என்று மகள் அழுகிறாள். அந்த இடத்தில் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அடியே, இது நீதானே, உன்னைப் பாத்துக் கத்துக்கிட்டதை ரத்தம்னு எழுதி வச்சிருக்கா பாரு என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன், அங்கே என்ன செய்தேன் என்று உனக்கே தெரியும்.

உறுத்தினால் சொல்லும்மா, அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் மனசு சுருங்கித்தான் கிடந்தது. வளர்த்தவளைக் கோபமே வராத சாதுவாக எழுதியிருக்கிறாய், என்னைத் தெரிந்தவர்கள் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அப்புறம் யோசித்தேன். பிறப்பா வளர்ப்பா என்று படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். என்னிடம் எடுத்தது என்று உனக்கே தெரியாத அளவுக்கு அது உன்னோடு ஒட்டிவிட்டதே, எனக்கு அது போதும். ஆனால் இந்த எழுத்து எங்களிடமிருந்து வந்ததில்லை மகளே. கடைப் பலகைக்கு ஒரு வரி எழுத அப்பா மாதக்கணக்கில் தலையைச் சொறிந்தவர். அது உன்னைப் பெற்றவள் கொடுத்து அனுப்பியதாகத்தான் இருக்கும். அவளுக்கு இந்தப் புத்தகம் கிடைக்காதே என்றுதான் எனக்கு வருத்தம்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உன் கை ஓயாமல், மனம் குறையாமல், நீ நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, கதையில் டம்ளர் கழுவுகிறதை எடுக்காமல் அவளிடமே விட்டுவை. உன்னை எனக்குக் கொடுத்தவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா