வளைவில் கிடந்த காட்டுப்பன்றி

மே 4

இன்று வேன் நிறைய சுற்றுலா ஆட்கள். கோர்சிகாத் தீவு முழுவதையும் ஒரே பகலில் பார்த்துவிட வேண்டுமாம். வளைவுக்கு வளைவு "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கூச்சல். சாலையில் படுத்திருக்கும் மாட்டுக்கு ஒரு படம், குண்டு துளைத்த ஊர்ப்பலகைக்கு ஒரு படம். எனக்கோ வருடக்கணக்காக இதே மலைப்பாதையில்தான் வேன் ஓட்டம். செஸ்ட்நட் மரம், கல்வீடு, மணிக்கூண்டு, கீழே பள்ளத்தாக்கு. மதியம் எல்லோரையும் எங்கள் ஊர் பியெத்ராலினாவில் சாப்பிட இறக்கிவிட்டு வேனிலேயே கண்ணயர்ந்தேன்.

கெட்ட கனவு. இதே பாதையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், எஞ்சின் சத்தமே இல்லை. தேவாலயம் தாண்டி வரும் வளைவில் ஒரு காட்டுப்பன்றி. மோதிவிட்டேன். இறங்கிப் புரட்டினால் ரொட்டிக்கடை செவேராவின் முகம்.

விழித்துப் பார்த்தால் செவேரா கடைவாசலில் நின்று எனக்குக் கையாட்டுகிறாள். நல்ல கூத்து.

மே 23

செவேரா போய்விட்டாள். தூக்கத்திலேயே.

மே 25

அடக்கம் முடிந்தது. தம்பி மனைவி லுக்ரேசியாவிடம் கனவைச் சொல்லித் தொலைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, நீங்க மத்ஸேராவா?"

கனவில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். விலங்கைக் கொல்வார்கள், அதில் ஊர்க்காரர் யாருடைய முகமாவது தெரியும், வருடம் திரும்புவதற்குள் அந்த ஆள் போய்விடுவார். அவர்களை யாரும் திட்டுவதில்லை. அழைப்பு வருகிறது, போகிறார்கள். ஆனால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

"போடி இவளே. அவங்க துப்பாக்கி, கத்தின்னு எடுத்துட்டுப் போவாங்க. சுற்றுலா வேன்லயா போவாங்க?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 11

மறுபடியும். அதே மதியத் தூக்கம், அதே வளைவு. புரட்டக்கூடாது, புரட்டக்கூடாது என்றுதான் நினைத்தேன். கை கேட்கவில்லை.

சம்பியேரு. என் தம்பி.

மூச்சு இருந்தது. பன்றிக்கு மூச்சு இருந்தது. காயத்தோடு தப்பினால் ஆளுக்கு நோய்தான், சாவு இல்லை என்பார்கள். என்பார்களா, இல்லை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேனா? ஐயோ, நான் இடுப்புல தூக்கி வளத்த பையன்டா அவன். அவன் மேலயா வண்டிய விட்டேன்?

ஜூன் 14

சம்பியேருவை ஆட்டுப்பட்டியிலிருந்து தூக்கி வந்தார்கள். கடும் காய்ச்சல். நுரையீரல் என்கிறார் டாக்டர். கட்டில் ஓரத்தில் போய் நின்றேன்.

"என்னக்கா, பேய் மாதிரி நிக்கிற? பயப்படாத, நான் செத்தா ஆடு பூரா உனக்குத்தான்" என்கிறான். இவன் கிண்டலில் இடி விழ.

ஜூன் 19

லுக்ரேசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறைவாள் என்று நினைத்தேன்.

"மதியம் தூங்காதீங்க அண்ணி. மிச்சத்த முடிச்சிட்டு வந்துராதீங்க" என்றாள். நாளையிலிருந்து அவளும் வேனில் வருகிறாளாம்.

ஜூன் 24

கண் சொருகினால் கிள்ளுகிறாள். கை முழுக்க நீலம். மெலிந்துவிட்டாள், பாவம்.

ஜூன் 27

ராத்திரியும் பயத்தில் தூங்காததால் இன்று வேன் பள்ளத்தாக்கின் விளிம்பு வரை போய்விட்டது. பின்னாலிருந்து ஒரு பெண் அலறியதால் தப்பித்தோம். இப்படியே போனால் கனவு எதற்கு, பட்டப்பகலில் எல்லோரையும் கொன்றுவிடுவேன். சம்பியேருவுக்கும் இறங்குமுகம்தான். ஆளை அடையாளம் தெரியவில்லை.

"நாளைக்குத் தூங்கப்போறேன்டி. மோத மாட்டேன். அதைச் சாலைய விட்டு இழுத்துப் போட்டுட்டு வரேன்" என்றேன்.

"வந்த வேலைய நீங்க செய்யலன்னா அழைப்பு வேற யாருக்காவது போகும் அண்ணி."

"போகட்டும். இவன் பொழைக்கணும்."

அதற்குமேல் அவள் தடுக்கவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 28

பன்றி விழுந்த இடத்திலேயே கிடந்தது. வேன் தன்பாட்டுக்கு அதை நோக்கி ஓடியது. பிரேக்கை மிதித்தால் கால் காற்றில் போகிறது. ஸ்டீயரிங்கை மலைப்பக்கமாக ஒடித்துப் பாறையில் விட்டேன். இறங்கி, முன்கால்களைப் பிடித்து ஓடைவரை இழுத்தேன். என்ன கனம்! தண்ணீர் குடித்தது. எழுந்தது. மரங்களுக்குள் போய்விட்டது.

விழித்தபோது என் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. லுக்ரேசியா துண்டால் துடைத்துவிட்டாள்.

ஜூலை 2

காய்ச்சல் விட்டுவிட்டது! செஸ்ட்நட் மாவுக் களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். உப்பு குறைச்சல் என்று சண்டை வேறு. நான் வெளியே போய் வாய்விட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 9

சம்பியேரு இன்று என்னோடு வேனில் வந்தான். வீட்டில் அடைந்து கிடந்து சலித்துவிட்டதாம். வந்தவர்கள் சாப்பிடப் போனதும் பக்கத்து இருக்கையில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். பார்க்கப் பார்க்க நிறைவாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய வலது கால் தரையை மிதிக்கத் தொடங்கியது. அழுத்தி, அழுத்தி. பிறகு நின்றது. கண்ணைத் திறந்தவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. வெயில்."

என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சின்ன வயதில் செய்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அழைப்பு இவனுக்குத்தான் போயிருக்கிறது.

"அதுக்கு மூச்சு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையசைத்தான்.

"அழாதடா. உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்றேன். உண்மையாகவே இல்லை.

சாப்பிட்டுத் திரும்பிய ஒருவர், பள்ளத்தாக்கு பின்னால் தெரிய உங்கள் இருவரையும் ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டார். அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றேன். படத்தை லுக்ரேசியாவின் போனுக்கு அனுப்பச் சொன்னேன்.