அழுகவிட்டது யார்?

அக்கா,

"கள்ளிச்செடியையே அழுகவிட்டவன், பொண்டாட்டியும் விட்டுட்டுப் போன பிறகு தனியா என்னத்தடா கிழிப்ப? பேசாம இங்க வந்துடு" என்றாய். வரமாட்டேன்.

செடியை அழுகவிட்டது நானில்லை. போன மாதம் நீ இங்கே தங்கியிருந்தபோது, "பாவம், வாடிக் கிடக்கு" என்று தினமும் டம்ளர் டம்ளராக ஊற்றியது யாராம்? எனக்கும் அப்படித்தான் ஊட்டினாய். தெறித்துப்போன என் சட்டைப் பொத்தான்களே சாட்சி.

அழுகாமல் மிஞ்சிய துண்டை வெட்டி, காயவைத்து நட்டேன். இப்போது மண்ணில் விரலை விட்டுப் பார்க்கிறேன். அடிவரை காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ஊற்றினால் தொட்டியின் ஓட்டை வழியே ஒழுகும்வரை ஊற்றுவேன். நேற்று ஒரு குருத்து முள்ளோடு எட்டிப் பார்த்தது, என்னைப் போலவே திமிராக.

நீயும் அந்தத் தண்ணீர் போல எப்போதாவது வா. என்னை விட்டுப் போனவளை ஆசை தீரத் திட்டு. அப்புறம் கிளம்பிப் போய், என்னைக் கொஞ்ச நாள் காயவிடு. அழுவேன்தான், அழுகமாட்டேன்.

இங்கேயே வேர்விட்ட,
உன் தம்பி