கிடைக்காததற்கு ஒரு சாட்சி

மாமா,

இன்று காலை மண்டியில் ஒரு பெட்டியைத் திறந்தார்கள். காமயகவுண்டன்பட்டிப் பன்னீர் திராட்சை. மூடியை எடுத்ததுமே வாசனை கடை முழுக்கப் பரவிவிட்டது. விலை பேச வந்த குமுளிக்காரர் ஒரு பழத்தை வாயில் போட்டு, "கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினார். வியாபார நேரத்தில் மண்டிக்காரன் கண் கலங்கினால் சரக்கில் ஏதோ குறை என்று நினைத்துவிடுவார்கள். அதனால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் போனபிறகு வம்பிழுக்கக்கூட எனக்கு ஆளில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்தே நமக்குள் கேலிதான். தேனி பஜாரில் கமிஷன் மண்டி வைத்திருந்த என்னைத் 'தராசு' என்பீர்கள். திராட்சைத் தோட்டமே கதியென்று கிடந்த உங்களை நான் 'பந்தக்கால்' என்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் வெள்ளைச் சட்டை போட்டு, ஆலயத்தில் ஒரே பெஞ்சில் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருப்போம்.

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னபோது நீங்கள் கொடிகளை வெட்டிக் கவாத்து முடித்திருந்தீர்கள். அந்த ஞாயிறே ஆராதனையில் எழுந்து பொருத்தனை செய்தீர்கள். "என் வீட்டுக்காரிக்குச் சொகம் கெடச்சா, வாய்க்கா ஓரத்து வரிசப் பழம் பூராவும் அறுப்பின் பண்டிகைக்கு." நம் சபையில் அது வழக்கம்தான். தென்னை வைத்திருப்பவர் ஒரு மரத்தை நேர்ந்துகொள்வார், மாடு வைத்திருப்பவர் ஒரு கன்றை. கேட்டது கிடைத்தால் பண்டிகையன்று அதைக் கொண்டுவந்து வைத்து, எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். கிடைக்காதவர்கள் கொடுக்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். அவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர் சாட்சிக்கு ஸ்தோத்திரம் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் சபையே உபவாசம் இருந்தது. டீ குடிக்காமல் அரைமணி நேரம் தாங்காத நான்கூட வெறும் வயிற்றோடு கல்லாவில் உட்கார்ந்து, லாரிக்காரனிடம் பேசும்போதும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு மனதாரக் கேட்டோம். காய் கறுக்கத் தொடங்கும் முன்பே அக்கா போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. ஒருவர் தேவசித்தம் என்றார். இன்னொருவர் விசுவாசத்தில் எங்கோ குறை இருந்திருக்கும் என்றார். பாஸ்டர் நல்ல மனுஷன், அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார்: "ஆண்டவர் சரின்னு சொல்லுவார், இல்லைன்னு சொல்லுவார், பொறுன்னு சொல்லுவார். மூணுமே பதில்தான்." நீங்கள் மரியாதையாகத்தான் கேட்டீர்கள்: "மூணுல ஒண்ணச் சொல்லியிருந்தாக்கூடத் தேவலையேய்யா. எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே." பாஸ்டர் உங்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அறுப்பின் பண்டிகை வந்தது. நெல் மூட்டை, வாழைத்தார், கோழி என்று ஆலயத்தின் முன்பக்கம் நிறைந்திருந்தது. நடுவில் பன்னீர் திராட்சைப் பெட்டிகள். நீங்கள் கொண்டுவந்தவை என்று எனக்கே தெரியாது. சபைச் செயலர் ஒவ்வொரு காணிக்கையாக அறிவித்துக்கொண்டே வந்தவர், பழக்க தோஷத்தில் வாசித்துவிட்டார்: "காமயகவுண்டன்பட்டி சகோதரர், கேட்ட விண்ணப்பத்துக்குப் பதில் கிடைத்தமைக்காகப் பொருத்தனைக் காணிக்கை." வாசித்து முடித்த பிறகுதான் யார், என்ன பொருத்தனை என்று அவருக்கு உறைத்தது. மைக்கைப் பிடித்தபடியே நின்றார். அவருக்கு வேர்த்துவிட்டது.

நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், மாமா. சிரித்துக்கொண்டே எழுந்து முன்னால் போனீர்கள்.

"எம் பொஞ்சாதிக்குச் சொகம் கேட்டேன். கெடைக்கல. பழம் வெளஞ்சிருச்சு. யாருகிட்டக் கேட்டேனோ அவருகிட்டயே கொண்டாந்துட்டேன். ஏன் தரலைன்னு எனக்குத் தெரியல. இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஸ்தோத்திரம்."

எந்தச் சாட்சி முடிந்தாலும் சபையே சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லும். அன்று யாருக்கும் வாய் வரவில்லை. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கொட்டாவி விட்டதுதான் அதிகம். அன்று நாம் நிற்கிற இடம் சாதாரண இடமில்லை என்று முதன்முதலாகப் பயந்தேன்.

ஆராதனைக்குப் பின் ஏலம். எலுமிச்சம்பழத்தைக்கூடப் போட்டி போட்டு ஏற்றிச் சிரிக்கிற கூட்டம் நம்முடையது. உங்கள் பெட்டியைத் தூக்கிய ஏலக்காரர் விலை சொல்லாமலே அதைத் திரும்ப இறக்கி வைத்தார். கேட்கவும் ஆளில்லை. கடைசியில் பாஸ்டர் வந்து பெட்டிகளைத் திறந்து, ஆளுக்கொரு கொத்தாகக் கையில் வைத்தார். எல்லோரும் வெயிலில் நின்றபடியே தின்றோம். கொட்டையைத் தரையில் துப்ப யாருக்கும் மனமில்லை, உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டோம். பின்பெஞ்சுக்காரர்கள் சிலர் தின்றுகொண்டே அழுதார்கள். ஆண்டிபட்டியில் இருந்து வந்திருந்த ஒரு அம்மா உங்களிடம் வந்து, "எனக்கும் கெடைக்கலய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தேன், ஆனால் திரும்பும் வழியில் விடவில்லை. உங்கள் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, உத்தமபாளையம் தாண்டும்வரை பொரிந்து தள்ளினேன்.

"தராத ஆளுக்கு எதுக்கு மாமா கொண்டுபோய்க் குடுத்தீக?"

"தந்தாத்தான் குடுப்பேன்னா அது உன் கமிஷன் மண்டி மாப்ள. நான் அவருகூட யாவாரமா பண்றேன்?"

"அப்ப உங்களுக்குக் கோவமே இல்லையா?"

"இல்லாமயா? தெனமும் சண்டதான். இல்லாத ஆளுகிட்ட எவனாச்சும் சண்ட போடுவானா?"

எனக்கு அது போதவில்லை. உங்கள் சண்டை உங்களை அவரிடம் இழுத்துக்கொண்டு போனது. என் கோபம் என்னை ஊமையாக்கியது. வருஷக்கணக்காக ஞாயிறு தவறாமல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. ஆமென் சொல்லும்போது உதட்டைக்கூட அசைக்கவில்லை. உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த வருஷம் உங்களுக்கு இருதயம் மக்கர் செய்தது. தேனி ஆஸ்பத்திரியில், சாப்பாட்டு வேளை முடிந்த மத்தியானத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்.

"மாப்ள, ஒரு ஜெபம் பண்ணு."

"எனக்கு வராது மாமா. பாஸ்டருக்குப் போன் போடுறேன்."

"அவுக வருவாக. நீ பண்ணு. வர்றதச் சொல்லு."

கண்ணை மூடினேன். ஆலயத் தமிழ் ஒன்றும் வரவில்லை, 'நீர்' என்றுகூட வரவில்லை. லாரிக்காரனிடம் கத்துகிற குரல்தான் வந்தது. "ஆண்டவரே, அக்காவக் கேட்டோம், நீங்க தரல. அந்தக் கோவம் எனக்கு இன்னும் தீரல. இவரையும் எடுத்துறாதீக. இவர விட்டா எனக்கு ஆளு இல்ல." ஜெபத்தை எப்படி முடிப்பது என்பதே மறந்துபோயிருந்தது.

நீங்கள்தான் "ஆமென்" என்றீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுஷன் அவ்வளவு தெளிவாகச் சொன்னது எப்படியென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்தக் கணத்தில், மாமா, அந்த வார்டில் நம் இருவரைத் தவிர இன்னொருவர் இருந்தார். நான் திட்டியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இதை நான் யாருக்கும் நிரூபிக்க முடியாது. மண்டிக்காரன் நான், எடை போட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதவன். இதை மட்டும் எந்தத் தராசிலும் வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவு பயமாக இருந்தது, அவ்வளவு ஆறுதலாகவும் இருந்தது.

ஆனாலும் கேட்டது கிடைக்கவில்லை. அந்த வாரமே உங்களையும் கொண்டுபோய் அக்கா பக்கத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

இப்போது காலையில் ஷட்டரைத் தூக்கியதும், வண்டிகள் வருவதற்கு முன் சிறிது நேரம் சண்டை போடுகிறேன். முதலில் அக்காவுக்காக, அப்புறம் உங்களுக்காக. பதில் வருவதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் அந்த மத்தியானம் தெரிந்த மாதிரியே தெரிகிறது. எல்லாம் சொல்லி முடித்தபின் ஒரு வார்த்தைக்காகக் கொஞ்சம் காத்திருப்பேன், பழைய ஞாபகத்தில். அதைச் சொல்ல நீங்கள் இல்லை. அதனால் நானே ஆமென் சொல்லிவிட்டு எழுந்திருக்கிறேன்.