பதினோரு பேர் ஏறிய ஏணி

மார்ச் 3, செவ்வாய்

நேர்காணலுக்கு இன்னும் ஒன்பது நாள். வேலை கிடைக்காவிட்டால் பெரியப்பாவின் குழாய்க் கடைதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எனக்கென்று நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டாராம். சுழலும் நாற்காலி!

"நம்ம கடை இருக்கும்போது வெளியில எதுக்கும்மா அலையணும்?"

பெரியப்பாவுக்குப் பாசம்தான். ஆனால் அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்று கேட்டுக் கேட்டே கிழவியாகிவிடுவேன். மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

அறைத்தோழி கொசு (எந்நேரமும் காதருகே ரீங்காரம், அதனால் இந்தப் பெயர்) ஒரே புலம்பல். "நீங்கள் முன்னின்று தீர்த்த சிக்கல் எது?" என்று கேட்பார்களாம். மூன்று வருடத்தில் அவள் தீர்த்தது என் பிஸ்கட் பாக்கெட்டுகளை மட்டும்தான்.

பாவம் என்று என் பதிலையே மாதிரிக்கு எழுதிக் கொடுத்தேன். போன வருடம் விடுதித் தொட்டி நிரம்பி வழிந்து மாடிப்படி அருவியானபோது, ஏணி போட்டு ஏறித் தண்ணீரை நிறுத்தியது நான். குழாய்க் கடையில் வளர்ந்த கை அல்லவா! "பார்த்துட்டு உன் கதையை நீயே எழுது" என்றேன். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினாள்.

மார்ச் 8, ஞாயிறு

கண்ணாடி முன் புன்னகைப் பயிற்சி. பல்வலிக்காரி மாதிரி இருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர். நான் கடைசி. வெளியே வந்த ஒருத்தி, "தொட்டிக் கதை சொன்னேன்டி, சூப்பரா போச்சு!" என்றாள்.

எந்தத் தொட்டி?

கொசுவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். "எல்லாரும் கெஞ்சிக் கேட்டாங்கடி... அனுப்பிட்டேன்."

உள்ளே ஓர் அம்மா, ஓர் ஐயா. நான் உட்காரும் முன்பே அந்த அம்மா பேனாவை மூடினார்.

"நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். விடுதி, தொட்டி, ஏணி. சரியா? காலையிலேருந்து பதினோரு பேர் ஏறிட்டாங்க. பாவம், அந்த ஏணி."

கண்முன் அந்த நாற்காலி சுழன்றது. உண்மையாக ஏறியவள் நான்தான் என்றால் யார் நம்புவார்கள்? மாதிரியில் எழுதாத ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. இந்த நாட்குறிப்பில்கூட எழுதியதில்லை.

"மேடம், சரிபண்ணது பதினோரு பேரா இருக்கலாம். கெடுத்தது நான் ஒருத்திதான்."

மொட்டைமாடியில் விளையாடப் பந்து இல்லை. தொட்டிக்குள் மிதவைப் பந்து சும்மா மிதந்துகொண்டிருந்தது. கழற்றிவிட்டேன். அது இல்லாமல் தண்ணீர் எப்படித் தானாக நிற்கும்? விடுதிக் காப்பாளர் அம்மாவின் செருப்பு படியில் நீந்தி வந்தபோதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பந்தை மாட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

"ஏன் சொல்லலை?" என்றார் ஐயா.

"சொன்னா திட்டு சார். சொல்லலைன்னா கைதட்டு."

சொல்லும்போதே கூசியது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "எப்படிக் கழட்டினீங்க?"

"மரை துருப்பிடிச்சிருந்துச்சு மேடம். துண்டைச் சுத்தித் திருகினேன்."

பேனாவைத் திறந்தார்.

மார்ச் 13, வெள்ளி

மனசு கேட்கவில்லை. காப்பாளர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"அன்னைக்கே தெரியும். ஏணியில ஏறும்போதே பந்து உன் கையிலதானே இருந்துச்சு" என்றார்.

சே!

மார்ச் 19, வியாழன்

கிடைத்துவிட்டது!!

கொசுவுக்கு இல்லை. "என்னைத் திட்டுடி" என்று அழுதாள். திட்ட வாய் வரவில்லை. பாதிக் கதையை எழுதிக் கொடுத்தவள் நான்தானே. பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். அந்த நாற்காலி சும்மாதானே இருக்கிறது?

ஜூன் 1, திங்கள்

முதல் நாள். அடையாள அட்டைப் படத்தில் அதே பல்வலிப் புன்னகை. கழுத்தில் மாட்டியதும் பத்து தடவை தொட்டுப் பார்த்தேன்.

ஜூன் 5, வெள்ளி

பெரியப்பா பேசினார். கொசு திங்கட்கிழமையே கடையில் சேர்ந்துவிட்டாளாம். சேர்க்கும் முன், "நீயா செஞ்ச காரியம் ஒண்ணு சொல்லும்மா" என்று கேட்டிருக்கிறார்.

சொல்லியிருக்கிறாள்.

"ஏம்மா, உங்க விடுதியில அந்தத் தொட்டி ஒண்ணுதானா?" என்றார் என்னிடம்.

"அப்புறம் ஏன் பெரியப்பா சேர்த்தீங்க?"

"அரை அங்குலத்துக்கும் முக்காலுக்கும் வித்தியாசம் தெரியலைதான். ஆனா வாய் இருக்கே! வந்தவங்க வாங்காம போறதில்லை. நாற்காலியிலதான் நாள் முழுக்கச் சுத்திக்கிட்டே இருக்கா."

என் நாற்காலி. கொஞ்சம் வயிறு எரிந்தது.