வெறி இறங்கிய காலை

வாழைச்சேனை
15.06.2025

அன்புள்ள நிருஷா,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. அக்கா வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அத்தான்தான் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் "எப்ப வீட்ட போறாய்?" என்று கேட்கிறார். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தானே. சண்டை வந்தால் பெட்டியைத் தூக்க வேண்டியவன் ஆம்பிளை.

போனில் பேசினால் வாய் திறந்த உடனேயே சண்டை பிடிக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நீ குறுக்கே பேசமாட்டாய்.

தனுவின் கை எப்படி இருக்கிறது? பிள்ளை விழுந்த சத்தம் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. ஆனால் நீ சொல்கிற காரணத்தை நான் ஏற்கமாட்டேன். துறைமுகத்தில் ஒஸ்வல்ட் மாமாவின் எஞ்சின் கடையில் வேலை முடிந்து நாங்கள் குடித்தது முதல் நாள் பின்னேரம். நான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியது அடுத்த நாள் காலை. குளித்து, விபூதி பூசி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் பைக்கை எடுத்தேன். மதகடியில் மாடு குறுக்கே வந்தது. குடித்திருக்கிறேனா என்று பார்க்கப் பொலிஸ்காரன் பலூன் ஊதச் சொன்னான். ஊதினேன், ஒன்றும் காட்டவில்லை. "நீங்க போகலாம்" என்று அவனே அனுப்பிவிட்டான். பொலிஸ் விட்டவனை நீ விடமாட்டேன் என்கிறாய்.

நான் கேட்பது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைப் பைக்கில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப்போய், பின்னேரம் கொண்டுவந்து விடுகிறேன். பிள்ளை இல்லாமல் என் ஞாயிறு விடியவே மாட்டேன் என்கிறது. இதையாவது தா.

இப்படிக்கு
தனுவின் அப்பா
விஜிதரன்


செங்கலடி
20.06.2025

தனுவின் அப்பாவுக்கு,

பிளாஸ்டரை வெட்டியாயிற்று. கையைப் பார்த்துவிட்டு, "இது என்ட கை இல்ல, மெலிஞ்சு போய் இரிக்கு" என்று ஆஸ்பத்திரியே அதிர அழுதாள். பிறகு அதே கையால் ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டாள். எழுதும்போது மட்டும் கொஞ்சம் நோகிறதாம்.

எனக்கு வந்தாறுமூலைக் கம்பஸில் ஆராய்ச்சி உதவியாளராக வேலை கிடைத்திருக்கிறது. என்ன ஆராய்ச்சி என்று சொன்னால், உங்களைக் குத்துவதற்காகவே தேடிப் பிடித்தேன் என்பீர்கள். சத்தியமாக இல்லை, கிடைத்த வேலை இது. குடித்ததற்கு அடுத்த நாள் காலையைப் பற்றிய ஆராய்ச்சி. வெறியைப் பற்றி அல்ல, வெறி முழுக்க இறங்கிய பிறகு உடம்பும் மூளையும் என்ன பாடு படுகின்றன என்பதைப் பற்றி.

முதல் நாள் ஆராய்ச்சியை நடத்தும் மேடம் எங்களுக்கு விளக்கம் சொன்னபோது நான் பின்வரிசையில் இருந்து உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பலூன் பொய் சொல்லவில்லை. அப்போது உங்கள் இரத்தத்தில் சாராயம் இருந்திருக்காது. ஆனால் அது போன பிறகும் அது செய்த வேலை போவதில்லையாம். நித்திரை கொண்ட மாதிரி இருக்கும், அது நல்ல நித்திரை இல்லையாம். கவனம் சிதறுமாம். கண் கண்டதற்குக் கை பிந்துமாம். வெளிநாடுகளில் இப்படியான காலையில் ஆட்களை வாகனம் ஓட்டவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், நேர் ரோட்டிலேயே வாகனம் இங்குமங்கும் அலைந்திருக்கிறது.

மாடு வந்தது உண்மை. நான் எப்போது இல்லை என்றேன்? நம் ரோட்டில் மாடு வராத நாள் எது? மற்ற நாட்களில் எல்லா மாட்டுக்கும் பிரேக் பிடித்தீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

விரும்பிய நேரம் வந்து பிள்ளையைப் பாருங்கள். பைக்கில் மட்டும் அனுப்பமாட்டேன்.

நிருஷா


வாழைச்சேனை
26.06.2025

ஆராய்ச்சி அம்மா அவர்களுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தது என் பிழைதான். ஒஸ்வல்ட் மாமா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டார். "இதுக்கு என்னத்துக்கு மனே ஆராய்ச்சி? ரெண்டு தம்பிலி இளநியக் குடிச்சுட்டு ஒரு தேசிக்காயத் தலையில தேய்ச்சா எல்லாம் சரி" என்றார். எஞ்சினைத் திருத்தக் கொண்டுவந்த நஸீர் நானா வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாதவர். அவரும் பழஞ்சோற்றுத் தண்ணி என்று ஒரு வைத்தியம் சொல்கிறார். மேடத்திடம் சொல், மருந்தெல்லாம் துறைமுகத்தில் இருக்கிறது.

மருந்து எதுவும் சோதித்து உறுதியாகவில்லை என்று நீ எழுதப்போகிறாய். எனக்குத் தெரியும் உன்னை.

உங்கள் ஆட்கள் போன செவ்வாய் துறைமுகத்துக்கு ஆள் சேர்க்க வந்தார்கள். குடிக்கத் தருவார்கள் என்று நினைத்து எல்லோரும் கையைத் தூக்கினார்கள். "நாங்க ஒண்டும் தரமாட்டம், நீங்களாக் குடிச்ச நாளைக்கு அடுத்த காலை வந்தாப் போதும்" என்றதும் பாதிக் கை இறங்கிவிட்டது. என் கை இறங்கவில்லை. பேர் கொடுத்துவிட்டேன்.

உன்னோடு வாதாடி வெல்ல எனக்கு ஏலாது. உங்கள் மெஷினே சொல்லட்டும். காலையில் நான் சரியான ஆள்தான் என்று வந்தால் பிள்ளை என்னோடு பைக்கில் வரவேண்டும். சரியா?

விஜிதரன்


செங்கலடி
30.06.2025

தனுவின் அப்பாவுக்கு,

பேர் கொடுக்கும் முன் என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம். பட்டியலில் இருப்பவர் என் கணவர் என்று இன்று மேடத்திடம் போய்ச் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்லிக் கனநாள்.

உங்களைப் பரிசோதிக்கப்போவது என்னோடு வேலை செய்யும் ஷிஹான். நான் அந்த அறைக்குள்ளேயே வரமாட்டேன். அங்கே எல்லோருக்கும் இலக்கம்தான், பேர் கிடையாது. உங்கள் முடிவு எனக்குத் தெரியவும் மாட்டாது, உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். ஆகவே உங்கள் "சரியா"வுக்கு என் பதில், சரியில்லை.

ஆனால் வருவதென்றால் ஒழுங்காக வாருங்கள். இரண்டு தரம் வரவேண்டும். குடித்ததற்கு அடுத்த காலை ஒன்று, குடிக்காத நாளுக்கு அடுத்த காலை மற்றது. இரண்டு தரமும் கம்பஸ் வான் வந்து ஏற்றும், பைக்கைத் தொடக்கூடாது. குடிக்காத நாளில்தான் ஆட்கள் களவு செய்கிறார்கள். "ஒரு பியர்தானே" என்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம். எனக்காக இல்லை, அந்த வேலைக்காக.

தனு உங்களுக்கென்று நண்டுப் படம் ஒன்று கீறி அனுப்பியிருக்கிறாள். கால்கள் கூடிவிட்டன. குறைக்கச் சொன்னதற்குக் கோபம்.

நிருஷா


வாழைச்சேனை
22.07.2025

அன்புள்ள நிருஷா,

நண்டைக் கடையில் ஒட்டியிருக்கிறேன். எவ்வளவு காலோ அவ்வளவும் இருக்கட்டும்.

இரண்டு தரமும் போய் வந்தாயிற்று. குடிக்காத நாளில் ஒரு சொட்டும் தொடவில்லை. அக்காவைக் கேட்டுப்பார், வேலை முடிந்து வந்து அவளுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். அத்தான் பயந்துபோனார்.

இப்போது என் முறைப்பாட்டைக் கேள். உங்கள் ஆராய்ச்சியில் கள்ளம் இருக்கிறது.

முதல் தரம் போனது எங்கள் கடைப் பொடியன் மெல்றோயின் பிறந்தநாளுக்கு அடுத்த காலை. எனக்குத் தலையிடிகூட இல்லை. திரையில் விளக்கு வரும், வந்ததும் பட்டனை அமத்தவேண்டும். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்து ரோட்டில் ஓடவேண்டும். அந்த விளக்கு மின்னல் மாதிரி வந்து வந்து போனது. மனிதர் யாரும் பிடிக்க ஏலாத வேகம். அதற்குள்ளும் நான் நன்றாகத்தான் செய்தேன். "இப்ப வாகனம் ஓட்டுவீங்களா அண்ணன்?" என்று ஷிஹான் கேட்டான். "ஏன் ஓட்டமாட்டன்? பைக், தோணி, எதெண்டாலும் தாங்க" என்றேன். எழுதிக்கொண்டான்.

போன வெள்ளி இரண்டாம் தரம் போனேன். விளக்கு ஆறுதலாக வருகிறது. வந்து நின்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரோட்டும் முந்திமாதிரி வளைந்து துள்ளவில்லை, சொன்ன சொல் கேட்கிறது. எனக்கு விளங்கிவிட்டது. நான் எஞ்சின் திருத்துகிறவன் நிருஷா, யாரோ ஸ்பீடில் கை வைத்தால் எனக்குத் தெரியாதா? "மெஷினக் குறைச்சுப்போட்டீங்களோ தம்பி?" என்று கேட்டேன். ஷிஹான் அதையும் எழுதிக்கொண்டான்.

ஒரு நாள் வேகமாகவும் மற்ற நாள் மெதுவாகவும் வைத்தால் எப்படி நியாயம்? மேடத்திடம் சொல்லி, முதல் நாள் பரீட்சையை ஒழுங்கான ஸ்பீடில் திரும்ப வைக்கச் சொல். நான் வருகிறேன்.

விஜிதரன்


செங்கலடி
26.07.2025

தனுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கம்பஸ் முன்னால் பஸ்ஸுக்கு நிற்கும்போது வாசித்தேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மெஷினில் யாரும் கை வைக்கவில்லை. இரண்டு நாளும் அதே விளக்கு, அதே ரோட்டு, அதே வேகம்.

உங்கள் இலக்கம் எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் தரம் கை பழகிவிடும் என்பதற்காகப் பாதிப் பேரை மறுவளமாகக் கூப்பிடுகிறோம், தெளிந்த காலை முதலில், மற்றக் காலை பிறகு. அவர்களிலும் சிலர் உங்களைப் போலவே சண்டைக்கு வந்தார்கள். இரண்டாம் தரம் மெஷினின் ஸ்பீடைக் கூட்டிவிட்டோமாம்.

இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உங்களை வெல்ல எனக்கு ஆசையில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். பைக் சத்தம் கேட்டால் இப்போதும் அவள் கையைத்தான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் பத்தாம் திகதி, ஞாயிறு, அவளுடைய பிறந்தநாள். உங்களோடு பைக்கில் பாசிக்குடாவுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று பிள்ளையை ஏற்றலாமா கூடாதா என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் ஏற்றலாம் என்றால் அனுப்புகிறேன்.

நிருஷா


வாழைச்சேனை
04.08.2025

அன்புள்ள நிருஷா,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. எழுதி எழுதிக் கிழித்தேன்.

மெஷினைக் கூட்டிவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தவர்களைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை மூன்று தரம் வாசித்தேன். கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றேன். விளக்கு வேகமாக வந்ததற்கு நான் பயப்படவில்லை. அன்று காலை எனக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்தேனே, அதுதான் பயமாக இருக்கிறது. எஞ்சினில் கோளாறு என்றால் சத்தத்தில் காட்டிவிடும். எனக்குள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை. தோணி தா, பைக் தா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏற்றலாம் என்றால் அனுப்புவேன் என்று எழுதினாய். அப்படி எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை ஒன்பதாம் திகதி ஒஸ்வல்ட் மாமாவின் மகள் சாஷாவுக்குக் கலியாணம். கோயிலில் முடிந்ததும் வீட்டில் பாட்டும் ஆட்டமும் தொடங்கினால் யார் எப்போது நிறுத்துவார் என்று சொல்ல ஏலாது. அன்று குடிக்கவே மாட்டேன் என்றுதான் முதலில் எழுதினேன். கிழித்த கடிதங்களில் அதுவும் ஒன்று. என்னை எனக்குத் தெரியும். மாமா கிளாசைக் கையில் தந்து "என்ட மகளுக்காக ஒண்டு, மனே" என்றால் நான் குடிப்பேன்.

அதனால் ஞாயிறு பிள்ளையைப் பைக்கில் ஏற்றமாட்டேன். பைக் பழுது என்று அவளுக்குப் பொய் சொல்லாதே. அப்பாவுக்கு அன்று தலை தெளிவில்லை என்று சொல். அழுவாள். நான் பிறகு வந்து சமாதானம் சொல்கிறேன்.

நீ விட்டால் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். ஆனால் தண்ணீருக்குள் இறங்கினால் அவள் சொல் கேட்கமாட்டாள், பக்கத்தில் தெளிந்த ஆள் ஒருவர் நிற்கவேண்டும். அந்த ஆளை நேரில் கேட்க எனக்குத் தைரியம் போதாது. இங்கே எழுதிவிட்டேன்.

உன்
விஜி


செங்கலடி
06.08.2025

அன்புள்ள விஜிக்கு,

நீங்கள் சொன்னபடியே அவளிடம் சொன்னேன். "பைக் இல்லாட்டி எனக்குப் பிறந்தநாளும் வேணாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சோற்றுக்குக் கூப்பிட்டதும் வெளியே வந்து, அப்பாவுக்குத் தலை எப்போது தெளியும் என்று கேட்டாள். ஞாயிறு பின்னேரத்துக்குள் தெளிந்துவிடும் என்றேன்.

கலியாணத்துக்குப் போய் நன்றாக ஆடுங்கள். சாஷாவுக்கு என் வாழ்த்தையும் சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பற்றி ஞாயிறன்று மட்டும் கேட்காதீர்கள். யோசிக்கவில்லை என்றால் பொய், யோசித்து முடியவில்லை.

விடிய எழும்பி அவதிப்பட்டு இங்கே வரவேண்டாம். கடல் உங்கள் பக்கம்தானே இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வருகிறோம். வாழைச்சேனைச் சந்தியில் நில்லுங்கள்.

அன்புடன்
நிருஷா