வேலிமிர் படம் வந்த திரை

டிசம்பர் 18, நிஷ் நகரம். மதியம் நீ நம் மகன் ரஸ்கோவை அடுப்புக் கம்பியால் அடித்தாய்.

மிலோயே, கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடு என்று திரையில் வந்தது மோசடி. கோல்கீப்பர் வேலிமிரின் படத்தைத் திருடிப் போட்டிருக்கிறார்கள். சம்பளத்தைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போகிற மனிதன் அவன். ரஸ்கோ அவனைக் குறை சொல்லவே இல்லை.

நீ அந்த எண்ணை அழுத்தும்போது, "ஃபோன வைப்பா, திருட்டுப் பசங்க!" என்றான்.

"வேலிமிரையா திருடன்ங்கறே, நாயே?" என்று கம்பியை ஓங்கினாய்.

அந்த எண்ணைத் தொடாதே. கம்ப்யூட்டர் அணையும்வரை பவர் பட்டனை அழுத்திப் பிடி.

நாளை நம் குடும்பப் புனிதர் நாள். அழைக்காமலே எல்லாரும் வருவார்கள். விருந்துக்கு மீனை நீயே பொரி. நாங்கள் எங்கே என்று கேட்பார்கள், நீயே சொல்.

ஸ்லவ்கா

புனிதர் படத்திலும், பக்கத்தில் நீ மாட்டிய வேலிமிர் படத்திலும் ரத்தம் தெறித்திருக்கிறது. துடை.

ரஸ்கோவின் துணிகளை எடுத்துக்கொண்டேன். தாடை உடைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அவனும் நானும் என் தங்கை வீட்டுக்குப் போகிறோம்.