வெல்டர் அண்ணன் கேட்ட பத்திரம்

சின்னவனின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் மனை வாங்கக் கடன் கொடுத்த வெல்டர் அண்ணன், அதை முறையாக எழுதி மனையை அடமானமாகப் பதிந்துகொள்ளலாம் என்று கேட்டார் அல்லவா? "நமக்குள்ள எதுக்குப் பத்திரம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரே அறையில் இருந்துகொண்டு அவரோடு பேசாமலே இருந்தேன்.

போன வாரம் அவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிவுதான், பயப்படாதே. ஆஸ்பத்திரியில் தலைமாட்டில் போய் நின்றேன்.

"உன்னை நம்பாம கேக்கலடா. நான் போயிட்டா என் பொண்டாட்டி எதைக் காட்டி உங்கிட்ட கேப்பா?" என்றார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மனை உன் பேரில் இருக்கிறது. அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு பத்திரம் எழுதுபவரிடம் போ. முழுத் தொகையையும் திருப்பித் தரும் தவணையையும் எழுதி, அண்ணன் பேருக்கு அடமானத்தைப் பதிவு செய்துவிடு. மூலப்பத்திரத்தை அந்த அக்கா கையிலேயே கொடு.

ஊரிலிருந்து யாராவது இங்கே வேலைக்கு வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. இங்கே வாங்கியதில் தூக்கம் பிடிப்பதில்லை. அவர் கட்டிலும் காலியாகக் கிடக்கிறது.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. அக்கா போன் செய்தால் எடுக்காதே என்று அப்போது உன்னிடம் சொல்லியிருந்தேன். நான் சொல்லித்தான் நீ எடுக்கவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிடு. அந்தப் பழி உனக்கு வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்